ஃப்ளாட்டுக்கு கீசர் வாங்கப் போறீங்களா? லிட்டர் முதல் எர்த் வரை இதையெல்லாம் பாருங்க!

மழைக்காலம் வந்தாலே கடைகளில் கீசர் விற்பனை சூடுபிடிக்கும். 3 லிட்டர், 15 லிட்டர், 25 லிட்டர், 5 ஸ்டார், 8 பார், கிளாஸ் கோட்டிங் என்று விற்பனையாளர் அடுக்கிக்கொண்டே போவார். கேட்பவர்களுக்கு தலை சுற்றும். கடைசியில் பெரும்பாலும் விலையையும் டிசைனையும் பார்த்துத்தான் வாங்குகிறோம்.

ஆனால், மின்சாரமும் தண்ணீரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் சாதனம் இது. அதுவும் நாம் ஈரக் கையோடு நிற்கும் இடத்தில், தலைக்கு மேலே மாட்டுகிறோம். தனி வீட்டுக்குப் பொருந்துவது அடுக்குமாடி வீட்டுக்கு அப்படியே பொருந்தாது. என்னென்ன கவனிக்க வேண்டும்? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இன்ஸ்டன்ட்டா, ஸ்டோரேஜா?

இன்ஸ்டன்ட் கீசரில் சிறிய டேங்க்தான் இருக்கும். பொதுவாக 1 முதல் 3 லிட்டர். தண்ணீர் ஓட ஓட சூடாகும். பெரும்பாலும் 3000 வாட். ஸ்டோரேஜ் கீசரில் 10, 15, 25 லிட்டர் என டேங்க் பெரிதாக இருக்கும். சூடாக்கிச் சேமித்து வைத்து, அப்புறம் பயன்படுத்தலாம். பெரும்பாலும் 2000 வாட்.

"இன்ஸ்டன்ட்னா கரண்ட் கம்மியா இழுக்கும்" என்று பலரும் நினைக்கிறார்கள். இது பாதிதான் உண்மை. 27 டிகிரியில் இருக்கும் 18 லிட்டர் பக்கெட் தண்ணீரை 40 டிகிரிக்குக் கொண்டுவர, எந்த கீசராக இருந்தாலும் சுமார் கால் யூனிட் மின்சாரம் வேண்டும். வாட் அதிகமாக இருந்தால் சீக்கிரம் சூடாகும், அவ்வளவுதான். வித்தியாசம் எங்கே வருகிறது என்றால், ஸ்டோரேஜ் டேங்கில் பயன்படுத்தாமல் விட்ட வெந்நீர் ஆறிப்போகிறது அல்லவா, அந்த இழப்பில்தான்.

இன்ஸ்டன்ட் யாருக்கு சரிவரும்?

பக்கெட்டில் பிடித்துக் குளிப்பவர்களுக்கும், சமையலறை சிங்க்குக்கும் போதும். 3000 வாட் கீசர், நிமிடத்துக்கு 3 லிட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரின் வெப்பத்தை சுமார் 14 டிகிரி உயர்த்தும். சென்னையில் டேங்க் தண்ணீர் 27 டிகிரி என்றால், குழாயில் 41 டிகிரியில் வரும். ஒரு பக்கெட் நிரம்ப ஐந்தாறு நிமிடம் ஆகும்.

ஷவருக்கு இது பத்தாது. சாதாரண ஷவரில் நிமிடத்துக்கு 8 லிட்டர் ஓடினால், அதே கீசர் 5 டிகிரிதான் உயர்த்தும். வெதுவெதுப்புக்கூட இருக்காது.

ஊட்டி, கொடைக்கானல் போன்ற ஊர்களில் கதையே வேறு. தண்ணீர் 12 டிகிரியில் வந்தால், 40 டிகிரி கிடைக்க நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர்தான் ஓட விடலாம். அங்கே ஸ்டோரேஜ்தான் சரி.

எத்தனை லிட்டர் வாங்கலாம்?

டேங்கில் இருக்கும் தண்ணீரை அப்படியே மேலே ஊற்றிக்கொள்ள மாட்டோம். பச்சைத் தண்ணீர் கலந்துதான் குளிப்போம். அதனால் 15 லிட்டர் கீசர் என்றால் 15 லிட்டர்தான் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. 60 டிகிரியில் சூடாக்கிய 15 லிட்டரை 27 டிகிரி தண்ணீரோடு கலந்தால், குளிக்கும் பதத்தில் சுமார் 38 லிட்டர் கிடைக்கும். அதாவது இரண்டு பக்கெட். 25 லிட்டர் கீசர் என்றால் சுமார் 60 லிட்டர், மூன்று பக்கெட்.

சூடாக எவ்வளவு நேரம்? 2000 வாட் கீசரில் 15 லிட்டர் 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு வர சுமார் 17 நிமிடம், 25 லிட்டருக்கு அரை மணி நேரம்.

இதை வைத்து இப்படி முடிவு செய்யலாம்:

• ஒருவர் அல்லது இருவர், பக்கெட் குளியல்: 3 லிட்டர் இன்ஸ்டன்ட் அல்லது 10 லிட்டர் ஸ்டோரேஜ்
• மூன்று, நான்கு பேர், ஒருவர் பின் ஒருவராக பக்கெட் குளியல்: 15 லிட்டர்
• ஷவர் குளியல், அல்லது காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பும் வீடு: 25 லிட்டர்
• வாடகை வீடு: கழற்றி எடுத்துப்போக எளிதான இன்ஸ்டன்ட் அல்லது 10 லிட்டர்

ஸ்டார் லேபிளில் எதைப் பார்க்கணும்?

ஸ்டோரேஜ் கீசர்களுக்கு பிஇஇ எனப்படும் எரிசக்தித் திறன் பணியகத்தின் ஸ்டார் லேபிள் உண்டு. சூடான தண்ணீரை 24 மணி நேரம் டேங்கில் வைத்திருந்தால் எவ்வளவு மின்சாரம் வீணாகிறது என்பதைத்தான் இந்த ஸ்டார் சொல்கிறது. எவ்வளவு வேகமாகச் சூடாகும் என்பதை அல்ல.

லேபிளில் 0.5 யூனிட் என்று போட்டிருந்தால், சுவிட்சை நாள் முழுக்க அணைக்காமல் விட்டால் தினமும் ஏறக்குறைய அவ்வளவு வீணாகலாம் என்று அர்த்தம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுப்பதால், 60 நாளில் அதிகபட்சம் 30 யூனிட். யூனிட் ஏற ஏற ஸ்லாப் மாறும் என்பதால் பில்லில் இது தெரியும். குளிப்பதற்கு 20 நிமிடம் முன்பு போட்டு, சூடானதும் அணைத்துவிடும் வீட்டில் ஸ்டாரால் வரும் வித்தியாசம் குறைவு. எப்போதும் ஆன் செய்தே வைக்கும் வீடாக இருந்தால் 5 ஸ்டாருக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம்.

ஸ்டார் இல்லாவிட்டாலும் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத கீசரை மட்டும் வாங்கவே கூடாது. ஸ்டோரேஜ் கீசர் என்றால் ஐஎஸ் 2082, இன்ஸ்டன்ட் என்றால் ஐஎஸ் 8978 என்ற எண் முத்திரையோடு இருக்கும்.

எத்தனையாவது மாடி? இதுதான் ஃப்ளாட்டுக்கு முக்கியம்

மொட்டை மாடி டேங்கிலிருந்து 10 மீட்டர் கீழே இறங்கினால் தண்ணீரின் அழுத்தம் சுமார் 1 பார் கூடும். 10 மாடிக் கட்டடத்தில் தரைத்தளத்துக்கு வரும்போது அது 3 பாராகிவிடும். 20 மாடி என்றால் 6 பார். பிரஷர் பம்ப் இருந்தால் இன்னும் கூடும். அழுத்தம் தாங்காத டேங்க் கசியும், வெடிக்கவும் வாய்ப்பு உண்டு.

கீசரின் பெட்டியில் 6.5 பார், 8 பார் என்று போட்டிருப்பது இதைத்தான். உயரமான கட்டடத்திலோ, பிரஷர் பம்ப் உள்ள குடியிருப்பிலோ இருப்பவர்கள் 8 பார் கீசராகப் பார்த்து வாங்குவது நல்லது. நேர்மாறாக, கடைசி மாடியில் இருப்பவர்களுக்கு அழுத்தம் குறைவாக இருக்கும். அங்கே கீசரை மாற்றுவதால் ஷவரில் வேகம் வந்துவிடாது.

சுவரையும் பாருங்க. 25 லிட்டர் கீசரில் தண்ணீரே 25 கிலோ. கீசரின் எடையும் சேர்ந்தால் 35 கிலோவைத் தாண்டும். இப்போது பல ஃப்ளாட்டுகளில் எடை குறைந்த கற்களால் சுவர் கட்டுகிறார்கள். அந்தச் சுவருக்கென்று உள்ள ஆங்கர் போல்ட்தான் போட வேண்டும். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே மறைத்து வைப்பதாக இருந்தால், கழற்றி சர்வீஸ் செய்ய வழி விட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

உப்புத் தண்ணீரா? இதை மறக்காதீங்க

போர்வெல், லாரித் தண்ணீர் வரும் குடியிருப்புகளில் கீசரின் ஆயுளைத் தீர்மானிப்பது உப்புதான். சூடாகும்போது சுண்ணாம்புப் படிவம் ஹீட்டிங் எலிமென்ட்டில் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். அப்புறம் சூடாக நேரம் பிடிக்கும், எலிமென்ட்டும் போய்விடும்.

இந்த வீடுகளுக்கு கிளாஸ் கோட்டிங் உள்ள டேங்க் நல்ல தேர்வு. டேங்குக்குள் மெக்னீசிய ஆனோட் என்று ஒரு கம்பி இருக்கும். துரு டேங்கைத் தின்னாமல், தன்னைத் தின்னக் கொடுப்பதுதான் அதன் வேலை. கரைந்து தீர்ந்துவிட்டால் அடுத்து டேங்க்தான். அதனால் வருடத்துக்கு ஒருமுறை சர்வீஸில் ஆனோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தெர்மோஸ்டாட்டை 55 முதல் 60 டிகிரியில் வைத்தால் போதும். அதற்கு மேல் போனால் படிவம் வேகமாகச் சேரும். 60 டிகிரி தண்ணீர் ஐந்தாறு நொடியில் தோலைப் பொசுக்கிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கும் வீட்டில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர் என்று கலக்கும் பழக்கம் வேண்டும்.

வயரிங், எர்த்: இதில் சமரசம் வேண்டாம்

2000 வாட் கீசர் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். 3000 வாட் என்றால் 13 ஆம்பியர். இரண்டுக்கும் 16 ஆம்பியர் பவர் பாயின்ட் வேண்டும். 4500 வாட் மாடல் கிட்டத்தட்ட 20 ஆம்பியர் இழுக்கும். சாதாரண பவர் பிளக்கில் அதைச் செருகவே கூடாது. தனி வயர், தனி எம்சிபி போட வேண்டும்.

பழைய ஃப்ளாட்டாக இருந்தால், கீசர் வாங்கும் முன்பே எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் சரியாக வேலை செய்கிறதா என்று டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். மூன்றாவது துளை இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. மின்கசிவு ஏற்பட்டால் கண நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம் வேண்டும். எம்சிபி வயரைக் காப்பாற்றும். ஆளைக் காப்பாற்றுவது ஆர்சிசிபிதான்.

ஸ்டோரேஜ் கீசர் என்றால் சூடானதும் சுவிட்சை அணைத்துவிட்டு குளிக்கப் போவது இன்னும் பாதுகாப்பு. சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே இருப்பது நல்லது.

கீசரின் பாதுகாப்பு வால்விலிருந்து சூடாகும்போது சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தால் பயப்பட வேண்டாம். உள்ளே கூடும் அழுத்தத்தை அது வெளியேற்றுகிறது. "ஒழுகுது" என்று அதை அடைத்துவிடுவதுதான் ஆபத்து. வெந்நீர் வரும் பக்கம் சாதாரண பிவிசி பைப் போடக்கூடாது, சூட்டில் இளகிவிடும். சிபிவிசி பைப் கேளுங்கள்.

கேஸ் கீசர் வாங்கலாமா?

உடனே வெந்நீர் வரும், கரண்ட் பில்லும் இல்லை என்பதால் சிலர் இதை விரும்புகிறார்கள். ஆனால் மூடிய பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் மாட்டுவது உயிருக்கே ஆபத்து. எரியும்போது அறையின் ஆக்சிஜன் குறைந்து, கார்பன் மோனாக்சைடு உருவாகும். அதற்கு நிறமில்லை, வாசனையும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று உணர்வதற்குள் கதவைத் திறக்கத் தெம்பு இருக்காது. நாட்டின் பல இடங்களில் இப்படி உயிரிழப்புகள் நடந்திருக்கின்றன.

கட்டாயம் வேண்டும் என்றால் பால்கனி போன்ற காற்றோட்டமான வெளி இடத்தில் கீசரை வைத்து, பைப் மட்டும் உள்ளே வர வேண்டும். குளிக்கப் போனவர் நீண்ட நேரம் வரவில்லை, குரல் கொடுத்தாலும் பதில் இல்லை என்றால் தாமதிக்காதீர்கள். கதவைத் திறந்து, கேஸை அணைத்து, அவரைக் காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுவந்து 108-ஐ அழையுங்கள்.

சோலார் போடலாமா?

வெயிலுக்குக் குறைவில்லாத ஊர் நம் ஊர். ஆனால் அடுக்குமாடியில் மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. சங்கத்தின் சம்மதம் வேண்டும். மாடியிலிருந்து கீழ்த்தளம் வரை பைப்பில் நிற்கும் ஆறிய தண்ணீரைத் திறந்துவிட்ட பிறகுதான் வெந்நீர் வரும். மேல் மாடியில் இருப்பவர்களுக்கு இது நல்ல வழி. கீழே இருப்பவர்களுக்குத் தண்ணீர்தான் வீணாகும்.

கடைக்குப் போகும் முன்...

• பாத்ரூமில் கீசர் வைக்கும் இடத்தின் அகலம், உயரத்தை அளந்து கொள்ளுங்கள்
• பிளக் பாயின்ட்டையும் பைப் பாயின்ட்டுகளையும் போட்டோ எடுத்துக் கொள்ளுங்கள்
• டேங்க், எலிமென்ட், கீசர் மூன்றுக்கும் தனித்தனி வாரன்ட்டி இருக்கும். "டேங்குக்கு 7 வருஷம்" என்றால் எல்லாவற்றுக்கும் 7 வருஷம் இல்லை
• உப்புத் தண்ணீரால் வரும் பழுதுக்கு வாரன்ட்டி உண்டா என்று கேளுங்கள்
• "இன்ஸ்டலேஷன் ஃப்ரீ" என்றால் பைப், வால்வு, போல்ட்டும் அதில் சேருமா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்

மாட்டி முடித்ததும் உடனே சுவிட்ச் போட வேண்டாம். வெந்நீர்க் குழாயைத் திறந்து, தண்ணீர் சீராக வருகிறதா என்று பார்த்த பிறகே ஆன் செய்யுங்கள். குடியிருப்பில் டேங்க் சுத்தம் செய்யும் நாளிலும் இதே விதிதான். காலி டேங்கில் ஓடினால் எலிமென்ட் கருகிவிடும்.