மன்றோ எண்ணிய பள்ளிக்கூடங்கள்

ஊத்தங்கரையிலிருந்து திருவண்ணாமலை பஸ் ஏறினால், செங்கம் போவதற்கு முன்னால் சிங்காரப்பேட்டை வரும். திப்புவிடமிருந்து 1792-ல் கம்பெனி கைக்கு மாறிய பாராமகால் சீமை இது. இந்தச் சீமையை வயல் வயலாக அளக்க வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. ஏழு வருஷம் அதே வேலை!

அந்த அளக்கிற புத்தி அவரை விடவில்லை. சென்னைக்குக் கவர்னரானதும், 1822-ல் பள்ளிக்கூடங்களை எண்ணச் சொன்னார். மாகாணம் முழுக்க 12,498. ஆயிரம் பேருக்கு ஒன்று. பரவாயில்லையே என்கிறீர்களா? பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் எழுதியதைக் கேளுங்கள். பிள்ளைகள் செய்யுளை மடமடவென்று ஒப்பிக்கிறார்களாம். அர்த்தம் கேட்டால் வாத்தியாருக்கே தெரியாதாம். வெள்ளைக்காரர் பார்வை என்று கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். மிச்சமும் வலிக்கத்தான் செய்கிறது.

மன்றோ வாத்தியாரைத் திட்டவில்லை. அவர் சம்பாத்தியத்தைப் பார்த்தார். மாசம் ஆறேழு ரூபாய்க்கு மேல் தேறாது. அந்தக் காசுக்கு விஷயம் தெரிந்தவன் எவன் வருவான்?

1826 மார்ச்சில் ஒரு திட்டம் எழுதினார். ஜில்லாவுக்கு இரண்டு பேரைச் சென்னைக்கு வரவழைத்து, முதலில் வாத்தியாருக்குப் பாடம். ஊர் திரும்பி ஜில்லாப் பள்ளியில் உட்கார்ந்தால் சம்பளம் 15 ரூபாய். தாலுகா பள்ளி வாத்தியாருக்கு 9.

மறு வருஷம் ஜூலையில், சுற்றுப்பயணம் போன இடத்தில், பத்திகொண்டாவில் காலரா மன்றோவைக் கொண்டுபோய்விட்டது. திட்டம் நொண்டியது. அரசாங்கத்தின் கவனம் இங்கிலீஷ் படிப்புப் பக்கம் திரும்பியது. 1836-ல் தாலுகா பள்ளிகளை இழுத்து மூடினார்கள்.