பணம் முன்னே, பெட்டி பின்னே

சீர்காழிப் பக்கம் நெல் வியாபாரம் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால், 'முன்பணம்' என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் பேசுவார்.

பயிர் பால் பிடிக்கிற சமயத்திலேயே வியாபாரி வரப்பில் வந்து நிற்பார். மடியில் ரூபாய் இருக்கும். விவசாயிக்கோ உரக்கடை பாக்கி, பம்ப்செட் ரிப்பேர், பெண் கல்யாணம் என்று ஆயிரம் அவசரம். வாங்கிக்கொள்வார். அறுவடை முடிந்ததும் நெல் நேராக அந்த வியாபாரி கைக்குப் போய்விடும். என்ன விலை? அதை விளைவித்தவர் சொல்ல முடியாது. பணம் கொடுத்தவர்தான் சொல்வார். மார்க்கெட் விலையைவிட மூட்டைக்குக் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்வார். அந்தக் 'கொஞ்சம்'தான் வட்டி. அரசாங்கத்தின் நேரடிக் கொள்முதல் நிலையங்கள் வந்தபிறகு இந்தப் பிடி தளர்ந்தது. ஆனாலும் அடிப்படைக் கணக்கு மாறவில்லை. முன்பணம் கொடுத்தவர் கை மேலே. வாங்கியவர் கை கீழே.

இந்தக் கணக்கு தலைகீழாக நிற்கிற இடம் ஒன்று உண்டு. அங்கே முன்பணம் கொடுத்தவர் கைகட்டி நிற்பார். வாங்கியவர் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதற்கு இன்றைய பெயர் ப்ரீ-ஆர்டர்.

டெல்டாவின் சின்ன ஊர்களிலும் இப்போது ஃபைபர் இணைப்பு வந்துவிட்டது. பெங்களூர் கம்பெனி வேலையைத் திண்ணையை ஒட்டிய அறையிலிருந்தே பார்க்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் ஒரு விளம்பரம் படுகிறது. வீட்டுக்கான அதிவேக ஃபயர்வால் ரவுட்டர்! விலை அரை லட்சத்தைத் தொடும். பெட்டி இன்னும் ஃபேக்டரியை விட்டுக் கிளம்பவில்லை. 'இன்றே பணம் கட்டினால் தள்ளுபடி, சில மாதங்களில் வீடு தேடி வரும்' என்கிறது விளம்பரம். கட்டலாமா, கூடாதா?

முதலில், ஃபயர்வால் என்றால் என்ன? சீர்காழிக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் ஆர்தர் காட்டன் 1836-ல் கட்டிய கீழணையிலிருந்து, தெற்கு ராஜன் வாய்க்கால் வழியாக இந்தப் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் வருகிறது. வாய்க்காலுக்கு வாய்க்கால் ஒரு ஷட்டர். கடலை நெருங்கும் கடைமடையில் நீரொழுங்கி என்று ஒன்று கட்டுவார்கள். மழைக்காலத்தில் வயலின் உபரித் தண்ணீரைக் கடலுக்கு விடவேண்டும். கடல் ஏறும்போது உப்புத் தண்ணீர் உள்ளே வரக்கூடாது. போகிறதைப் போகவிடு, அழைக்காமல் வருகிறதைத் தடு. ஃபயர்வால் செய்கிற வேலையும் இவ்வளவுதான். நீங்கள் கேட்டு வாங்குகிற பக்கங்கள் உள்ளே வரும். கேட்காமல் கதவைத் தட்டுகிறவன் வெளியே நிற்பான்.

இப்படி ஒரு ஷட்டர் தேவை என்று உலகத்துக்கு உறைத்தது 1988 நவம்பர் 2-ம் தேதி. ராபர்ட் மோரிஸ் என்ற அமெரிக்க மாணவர் அவிழ்த்துவிட்ட ஒரு புரோகிராம், அன்றைய குட்டி இன்டர்நெட்டில் சுமார் 6 ஆயிரம் கம்ப்யூட்டர்களை முடக்கிப்போட்டதாகக் கணக்கிட்டார்கள். அதுவரை அங்கே எல்லா வீட்டுக் கதவும் திறந்துதான் கிடந்தது. அதற்கப்புறம்தான் ஃபயர்வால் சரக்காகி, கடைக்கு வந்தது. முதலில் பெரிய கம்பெனிகளுக்கு. பிறகு வீடுகளுக்கு.

'அதிவேகம்' என்ற வார்த்தைக்கும் ஒரு விலை உண்டு. வருகிற ஒவ்வொரு துணுக்கையும் பிரித்துப் பார்த்து அனுப்ப வேண்டும், அதே சமயம் வேகமும் குறையக்கூடாது என்றால் உள்ளே நல்ல பிராஸசர் வேண்டும். நியாயம்தான். ஆனால் உங்கள் வீட்டு ப்ளான் 100 எம்.பி.பி.எஸ். என்றால், 10 ஜிகாபிட் பெட்டி எதற்கு? வயல் மடைக்குக் கல்லணை கட்டுகிற கதை.

இருக்கட்டும். நம் விஷயம் முன்பணம்.

வீட்டுக்கு ஒரு 'கனெக்‌ஷன்' வேண்டும் என்று பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பது நமக்குப் புதிதல்ல. தொலைபேசிக்கு நாம் அதைத்தானே செய்தோம்? சுதந்திரத்தின்போது நாடு முழுக்க இருந்த தொலைபேசிகள் சுமார் 80 ஆயிரம். 1991-ல்கூட 50 லட்சத்தைத்தான் தொட்டிருந்தது. வேண்டும் என்று கேட்டுக் காத்திருந்தவர்களும் ஏராளம். எனவே டெபாசிட் கட்டு, வரிசையில் நில். கொஞ்சம் வசதியிருந்தால் 'ஓ.ஒய்.டி.' என்றொரு தனி வரிசை. 'உங்கள் தொலைபேசியை நீங்களே சொந்தமாக்கிக்கொள்ளுங்கள்' என்று அர்த்தம். கூடுதல் டெபாசிட் கட்டினால் முன்னுரிமை. முன்னுரிமைக்கும் ஒரு க்யூ இருந்தது என்பதுதான் தமாஷ்!

தொலைபேசி வேலை செய்யவில்லை என்று புகார் எழுந்தபோது, பிடிக்காதவர்கள் திருப்பிக் கொடுத்துவிடலாம், வாங்கிக்கொள்ள வருஷக்கணக்கான வரிசை காத்திருக்கிறது என்கிற ரீதியில் அன்றைய தகவல் தொடர்பு அமைச்சர் சி.எம்.ஸ்டீபன் பதில் சொன்னதாக இன்றைக்கும் சொல்வார்கள். முன்பணம் வாங்கியவரின் கை எங்கே இருந்தது என்று பார்த்தீர்களா? 1997-க்குள் கேட்டவுடன் தொலைபேசி என்று 1994-ம் வருடத்து தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை கனவு கண்டது. அந்த க்யூவை நிஜமாகவே கலைத்தது கொள்கை அல்ல, செல்போன்.

அடுத்து மாருதி. 1983 கோடையில் புக்கிங் ஆரம்பித்தார்கள். ஒரு காருக்கு 10 ஆயிரம் ரூபாய் முன்பணம். அப்போது ஒரு மாருதி 800-கூட சாலைக்கு வந்திருக்கவில்லை. ஆனால் சுமார் 1.35 லட்சம் பேர் பணம் கட்டினார்கள். பெருக்கிப் பாருங்கள். 135 கோடி ரூபாய்! டிசம்பர் 14-ம் தேதி இந்திரா காந்தி முதல் காரின் சாவியைக் கொடுத்தார். மற்றவர்கள் காத்திருந்தார்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கார் வந்தது. பணம் கட்டியவர்கள் ஏமாறவில்லை. அரசாங்கமும் சுஸுகியும் பின்னால் நின்றார்கள். அந்த வரிசையில் ஓர் இடமே விலைபோகிற சொத்தாக இருந்தது. யார் பின்னால் நிற்கிறார்கள் என்பதுதான் இங்கே விஷயம்.

ரவுட்டருக்கு வருவோம். வெளிநாட்டில் நடந்த இரண்டு கதைகள்.

2014 அக்டோபரில் 'அனானாபாக்ஸ்' என்று ஒரு சின்னப் பெட்டி கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் முன்பதிவுக்கு வந்தது. இதை மாட்டிக்கொண்டால் இணையத்தில் நீங்கள் யார் என்றே யாருக்கும் தெரியாது என்றார்கள். கேட்ட தொகை 7,500 டாலர். சில நாட்களிலேயே சேர்ந்துவிட்ட வாக்குறுதி 5.8 லட்சம் டாலருக்கு மேல்! அப்போதுதான் சிலர் படத்தை உற்றுப் பார்த்தார்கள். நாங்களே வடிவமைத்தது என்று சொன்ன பெட்டி, சீனாவில் ரெடிமேடாகக் கிடைக்கிற சரக்கு என்று கண்டுபிடித்துவிட்டார்கள். கிக்ஸ்டார்ட்டர் பிரசாரத்தையே நிறுத்திவிட்டது. கெடு முடிந்தபிறகுதான் பணத்தை எடுப்பது அந்தத் தளத்தின் வழக்கம் என்பதால் யார் காசும் போகவில்லை. பிறகு வேறு வழியாக அந்தப் பெட்டி விற்பனைக்கு வந்தது. 2015-ல் சுமார் 350 பெட்டிகளைத் திரும்பப் பெற வேண்டிவந்தது. ஏன் தெரியுமா? வை-ஃபைக்குக் கடவுச்சொல்லே கிடையாது. உள்ளே இருந்த மூலக் கடவுச்சொல் 'அட்மின்'. பூட்டு விற்றவன், சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டிருந்தான்.

இன்னொரு கதை செக் குடியரசில். அந்த நாட்டின் இணைய முகவரிகளைப் பராமரிக்கும் சி.இஸட்.நிக் என்ற அமைப்பு, 2013 முதலே வீடுகளுக்குப் பெயரளவு வாடகையில் ரவுட்டர் கொடுத்து, எங்கிருந்து தாக்குதல் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தது. அந்த அனுபவத்தை வைத்து 'டூரிஸ் ஆம்னியா' என்ற ரவுட்டருக்கு 2015 நவம்பரில் முன்பதிவு ஆரம்பித்தார்கள். இலக்கு 1 லட்சம் டாலர். சேர்ந்தது பல மடங்கு. சொன்ன தேதி தள்ளிப்போய், பலருக்கு 2016-ன் பிற்பகுதியில்தான் கைக்கு வந்தது. ஆனால் வந்தது. முக்கியமாக, வந்தபிறகும் வருஷக்கணக்காக மென்பொருள் அப்டேட் தானாகவே வந்துகொண்டிருந்தது.

கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள். கார் டெலிவரியானால் கணக்கு முடிந்தது. ஃபயர்வாலுக்கு அப்படியில்லை. புதுத் திருடன் புது வழியில் வருவான். அவனுக்கு ஏற்ற புதுத் தாழ்ப்பாள் அப்டேட்டாக வரவேண்டும். கம்பெனி மூடிவிட்டால், உங்கள் கையில் இருப்பது துரு ஏறத் தொடங்கிய ஷட்டர். ஆகவே நீங்கள் கட்டுகிற முன்பணம் பெட்டிக்கு மட்டுமல்ல. அடுத்த ஐந்தாறு வருடத்து உழைப்புக்கும் சேர்த்து!

அந்தப் பணம் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் எங்கே உட்காரும்? பி.காம். முதல் வருடப் பாடம் இது. வருமானத்தில் இல்லை. பொருள் உங்கள் கைக்கு வரும்வரை அது 'வாடிக்கையாளரிடம் பெற்ற முன்பணம்', அதாவது பொறுப்பு. தமிழில் சொன்னால் கடன். பெரும்பாலும் வட்டியில்லாக் கடன்.

கடன் வாங்கிய இந்தியக் கம்பெனி நொடித்துப் போனால்? 2016-ம் ஆண்டின் திவால் சட்டத்தில் 53-வது பிரிவு இருக்கிறது. இருக்கிற சொத்தை விற்று யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு என்று வரிசை சொல்கிறது. வழக்கறிஞர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'வாட்டர்ஃபால்'. மேலிருந்து தண்ணீர் இறங்குகிற மாதிரிதான். முதலில் திவால் நடவடிக்கைக்கான செலவு. அடுத்து அடமானம் வாங்கிய பாங்க்கும் தொழிலாளர்களும். பிறகு ஊழியர் சம்பளம். பிறகு அடமானமில்லாமல் கடன் கொடுத்த நிதி நிறுவனங்கள். பிறகு அரசாங்க பாக்கி. அதற்கும் கீழே, 'மற்ற கடன்கள்' என்ற இடத்தில் நீங்கள். மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு எப்போது வரும், எவ்வளவு வரும் என்று சீர்காழிக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

சென்னை மெட்ரோ ரயில் வேலைக்கான விளக்குகளுக்குக் கொடுத்த 50 லட்சம் ரூபாய் முன்பணம் தொடர்பான வழக்கில், பொருளுக்காக முன்பணம் கொடுத்தவரும் இந்தச் சட்டப்படி ஒரு கடன்காரரே, அதாவது கடன் கொடுத்தவரே, என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் இந்தக் கதவைத் தட்டக் குறைந்தது 1 கோடி ரூபாய் பாக்கி இருக்க வேண்டும் என்று 2020-லேயே வரம்பை ஏற்றிவிட்டார்கள். அரை லட்சத்தோடு அங்கே போக முடியாது. உங்களுக்கு உள்ள வழி 2019-ம் வருடத்து நுகர்வோர் சட்டம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம்கூடக் கிடையாது. விற்றவர் அமெரிக்காவில் இருந்தால்? தீர்ப்பை ஃப்ரேம் போட்டு மாட்டிக்கொள்ளலாம். போதாததற்கு, வை-ஃபை சாதனங்களை இறக்குமதி செய்ய மத்திய அரசின் அனுமதி வேறு தேவை. அது இல்லாத பெட்டி சென்னை கஸ்டம்ஸிலேயே படுத்துவிடலாம்.

எனவே என்னைக் கேட்டால், கிரெடிட் கார்டில் கட்டுங்கள், தகராறு வந்தால் பாங்க் மூலம் மறுத்துப் பார்க்க ஒரு வாய்ப்பாவது உண்டு. எத்தனை வருடம் அப்டேட் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் பெட்டி கடைக்கு வரும்வரை பொறுங்கள். ஆறு மாதம் கழித்து வாங்கியதால் யாரும் கெட்டுப்போனதில்லை.

அதுவரை வீட்டுக்கு யார் காவல்? 2017 ஜூலையில் நடந்ததைச் சொல்கிறேன். பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடம்கள் ஆயிரக்கணக்கில் ஒரு மால்வேர் தாக்கி முடங்கின. மாட்டிக்கொண்டவை எல்லாம், வாங்கியபோது இருந்த 'அட்மின்' என்ற கடவுச்சொல்லை யாரும் மாற்றாமலே விட்ட மோடம்கள். உடனே மாற்றுங்கள் என்று நிறுவனமே வாடிக்கையாளர்களிடம் கேட்டுக்கொண்டது. அரை லட்சம் ரூபாய் பெட்டி எதுவும் தேவைப்படாத வேலை அது.

உங்கள் வீட்டு ரவுட்டர் டி.வி.க்குப் பின்னாலோ, அலமாரி மேலேயோ தூசி படிந்து கிடக்கும். அதிலும் சின்னதாக ஒரு ஃபயர்வால் ஏற்கெனவே இருக்கிறது. எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் அச்சடித்திருக்கும் கடவுச்சொல்தான் இன்னமும் ஓடுகிறதா?