கைநாட்டிலிருந்து கருவிழி வரை

1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. பன்னிரண்டு வயது நிரம்பிய எல்லாரும் புகைப்படமும் பெருவிரல் ரேகையும் பதிந்த அடையாளக் கார்டு எடுக்க வேண்டும் என்றது பிரிட்டிஷ் அரசு. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோ அந்தக் கார்டுகளைப் பறித்து அழித்தார்கள். கார்டு இல்லாமல் போலீஸ் சோதனையில் சிக்கினாலும் தொல்லை. ரந்தாவ், லிங்கி என்று நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பிழைத்தார்கள்.

கைநாட்டு அவர்களுக்குப் புதிதல்லவே! 1910 வரை நீடித்த ஒப்பந்தக்கூலி முறையில், கைநாட்டு வைத்த தாள்தான் ஆளைத் தோட்டத்தோடு கட்டிப்போட்டது. அந்த நினைவுள்ள வீட்டில் விரல் நீட்டத் தயங்கியவரை அறியாதவர் என்று ஒதுக்குவது நியாயமில்லை.

ஆனால், தாள் இல்லாததற்குக் கொடுத்த விலை பெரிது. 1957 சுதந்திரத்துக்குப் பின், மலாய்மொழித் தேர்வு, அலைச்சல் என்று குடியுரிமைக்கு மனுச் செய்யாமல் விட்டவர்கள் பலர். அவர்கள் கையில் சிவப்பு அடையாளக் கார்டே மிஞ்சியது. 1969இல் குடிமக்கள் அல்லாதோருக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேறினார்கள்.

2001இல் மைகார்டு வந்து, விரல்ரேகை சில்லுக்குள் போனது. இணையத்தில் இருப்பது மனிதர்தான், இயந்திரமல்ல என்று காட்டக் கருவிழியைப் படம்பிடிக்கும் 'வேர்ல்டு' திட்டம் 2024இல் மலேசியாவில் கால்வைத்தது. அதற்குப் பதிமூன்று ஆண்டுகளுக்கு முன்புதான், பிறப்புப் பத்திரமே இல்லாத இந்தியர்களை 'மைடஃப்தார்' என்ற பெயரில் அரசு தேடிப் பதியவேண்டியிருந்தது.