பாப்பிக்கு எதிர்ப்பூ பூவரசு

பூவரசு இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதிய யாருக்கும் அந்த மரத்தின் மஞ்சள் பூவைத் தெரியும். அந்தப் பூ போரில் நின்று திரும்பியவர்களுக்காகச் சட்டையில் ஏறியதும், பிறகு தேயிலை மலை வரை போனதும் பலர் அறியாத கதை.

அதன் தொடக்கம் பெல்ஜியத்தில். முதல் உலகப் போரின்போது, 1915இல், குண்டுகள் வயல்களைக் கிளறிப்போட, மண்ணுக்குள் உறங்கிக் கிடந்த பாப்பி விதைகள் முளைத்துக் கல்லறைகளிடையே சிவப்பாகப் பூத்தன. கனடிய இராணுவ மருத்துவர் ஜான் மக்ரே அவற்றைக் கவிதையாக்கினார். 1918 நவம்பரில் அதைப் படித்த அமெரிக்க ஆசிரியை மொய்னா மைக்கேல், நியூயார்க் கடையொன்றில் பட்டுப் பாப்பி வாங்கி அணிந்துகொண்டார். அன்னா கெரின் என்ற பிரெஞ்சுப் பெண் துணிப் பூ செய்து விற்கும் யோசனையை நாடு நாடாகக் கொண்டுபோனார். போர் ஓய்ந்ததன் நினைவு நாளான நவம்பர் 11இல், 1921ஆம் ஆண்டு, பிரிட்டனில் 90 இலட்சம் பூக்களும் விற்றுத் தீர்ந்தன.

இலங்கைக்கும் அது வந்தது. மலைநாட்டுத் துரைமார் தமக்கென்றே ஒரு துப்பாக்கிப் படை வைத்திருந்தார்கள். 1914இல் கப்பலேறிய அப்படை மறு ஆண்டு கலிப்போலிப் போர்முனையில் நின்றது. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தோட்டம் பார்த்த துரைமாருக்குப் பாப்பி சொந்தத் துக்கம். அந்தத் துக்கம் உண்மையானது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் உண்டியலில் விழுந்த காசில் பெரும்பகுதி பிரிட்டனுக்கே போனது. அதே போரில் நின்று திரும்பிய இலங்கையருக்கு என்ன கிடைத்தது?

முன்னாள் படைவீரர் சங்கத் தலைவர் ஏலியன் பெரேரா 1931இல் இதைக் கேட்டார். அதே நவம்பர் 11இல் பூவரசம்பூவை விற்றார். சிங்களத்தில் அது 'சூரியமல்'. 1933இல் இடதுசாரி இளைஞர்கள் அதைக் கையிலெடுக்க, ஆங்கிலேயப் பெண்ணான டொரீன் யங் இயக்கத்தின் முதல் தலைவரானார். 1934–35 மலேரியாக் கொள்ளைநோயில் பூ விற்றவர்களே மருந்தும் உணவும் சுமந்து கிராமம் கிராமமாக நடந்தார்கள். அந்த நடையில்தான், 1935 டிசம்பரில், லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது.

கட்சி மலையேறியது. மடுல்கலைப் பக்கம் தோட்டத் தொழில் பழக வந்த பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளைக்கார இளைஞர் தொழிலாளர் பக்கம் சாய்ந்து வேலையை இழந்தார். 1937 ஏப்ரலில் கட்சியின் நாவலப்பிட்டி மேடையில் துரைமாரைக் கண்டித்துப் பேசினார். ஆளுநர் அவரை நாடுகடத்த உத்தரவிட்டார், உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. தோட்டத்து லயங்களில் வாழ்ந்த தொழிலாளர் கண்முன்னே துரைமாரின் சொல் தோற்றது.

அடுத்த உலகப் போர் மூண்டு நான்கு மாதம். 1940 ஜனவரி 10, ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம். பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி மாண்டார். பாப்பியும் பூவரசும் நவம்பர் 11க்கு உரியவை. மலையகம் தன் தியாகிகளை நினைப்பது ஜனவரி 10இல்.