டோடோலும் துதலும்

மன்னர்தம் படையெடுப்புகளையே வரலாறு எனக் கற்றுப் பழகியோர்க்கு, அடுப்பங்கரையிலும் வரலாறு உண்டு என்பது வியப்பளிக்கலாம். மலாய்த் தீவுக்கூட்டத்தின் மரபுவழி இனிப்பாகிய டோடோல் இதற்குத் தக்க சான்றாகும்.

இதன் முதன்மைப் பொருள்கள் மூன்றே. அவை தேங்காய்ப்பால், புளுட் எனப்படும் பசையரிசியின் மாவு, பனைக்குடும்ப மரங்களின் பாளைநீரைக் காய்ச்சி எடுக்கும் வெல்லம் என்பன. மலேசியாவில் தென்னம்பாளை நீரிலிருந்து பெறும் வெல்லம் ‘கூலா மலாக்கா’ எனப்படும். இந்தோனேசியாவில் அரேன் மரத்தின் வெல்லமும் பெரிதும் பயன்படும்.

இம்மூன்றையும் ‘காவா’ என்னும் பெருங்கொப்பரையில் இட்டு, விறகுத் தீயில் இடைவிடாது துழாவ வேண்டும். கை ஓய்ந்தால் அடிப்பிடிக்கும். நீர் வற்றி, எண்ணெய் பிரிந்து, கையில் ஒட்டாத பதம் வரப் பல மணி நேரம் செல்லும். ஒருவர் தோள்வலியால் முடியாத இவ்வேலையை, நோன்புப் பெருநாளை ஒட்டிக் கம்பத்து மக்கள் முறைவைத்துச் செய்து வந்தனர். இத்தகைய கூட்டுழைப்பையே மலாய்மொழி ‘கோத்தோங் ரோயோங்’ என்கிறது.

இடத்திற்கேற்ப வகைகளும் பலவாயின. மேற்கு ஜாவாவின் காரூட் நகரம் டோடோலுக்குப் பெயர்பெற்றது. மத்திய ஜாவாவின் கூடுஸ் நகரில் இதனை ஒத்த பண்டம் ‘ஜெனாங்’ எனப்படும். டுரியான் சுளையைச் சேர்ப்பது டுரியான் டோடோல். மாவின்றி அச்சுளையைச் சர்க்கரையுடன் கிளறுவது ‘லெம்போக்’. மாவுக்கு மாறாகப் பசையரிசிச் சோற்றை வெல்லப்பாகில் கிளறினால் அது ‘வாஜிக்’ ஆகும்.

நீர் குறைந்து சர்க்கரை மிகுந்திருத்தலின் இப்பண்டம் எளிதில் கெடாது. கடல் கடக்கவும் ஏற்றது. 1796 வரை இலங்கைக் கரையோரத்தை ஆண்ட டச்சுக்காரர், ஜாவா முதலிய தீவுகளிலிருந்து போர்வீரரையும் நாடுகடத்தப்பட்டோரையும் அங்குக் கொண்டு சென்றனர். அவர்வழி வந்த இலங்கை மலாயரே இதனை அங்குப் பரப்பினர் என்பர். அங்குக் கித்துள் வெல்லமும் அரிசி மாவும் கொண்டு இது செய்யப்படுகிறது. சிங்களத்தில் ‘களு தொதொல்’, அதாவது கருந்தொதல் என்றும், இலங்கைத் தமிழில் ‘தொதல்’ என்றும் வழங்குகிறது. தென்கிழக்காசியத் துறைமுகங்களோடு நெடுங்காலம் வாணிகம் செய்த மரைக்காயர் வாழும் கீழக்கரையில் இதன் பெயர் ‘துதல்’.

டகரம் தமிழில் சொல்லுக்கு முதலாகாது. அம்மரபுக்கு இயைய, வந்த பெயரும் தகரம் பெற்றுத் தமிழ் வடிவம் கொண்டிருக்கிறது. பிறமொழிச் சொல் நம் ஒலிமரபில் கலக்கும் முறையை மாணவர்க்கு விளக்க இதனினும் இனிய எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இன்று ஆலைகளில் எந்திரங்களே டோடோலைத் துழாவுகின்றன. பண்டம் கடைகளில் தட்டின்றிக் கிடைக்கிறது. கொப்பரையைச் சூழ்ந்து நின்ற அண்டை அயலார் கூட்டமோ அருகி வருகிறது. கல்வெட்டில் ஏறாத அவ்வுழைப்பின் கதை முதியோர் நினைவில்தான் எஞ்சியுள்ளது. அவர்கள் உள்ளபோதே அதனைக் கேட்டு எழுதிவைத்தல், வரலாறு கற்கும் மாணவர் கடமையாகும்.