புகைப்படம் ஒட்டாத விண்ணப்பம்

எங்கள் துறைக்கு ஆண்டுதோறும் கௌரவ விரிவுரையாளர் பணிக்கென்று விண்ணப்பங்கள் வருவதுண்டு. இரண்டே இடங்களுக்கு நாற்பது ஐம்பது உறைகள் வந்து சேரும். நேர்முகத் தேர்வு முடிந்ததும் தேர்வானவர்களுக்குத் தொலைபேசியில் தகவல் சொல்லிவிடுவோம். மற்றவர்களின் உறைகள் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும். ஒவ்வோர் உறைக்குள்ளும் படிவத்தின் வலப்பக்க மூலையில் ஒட்டப்பட்ட ஒரு முகம், விடை வரும் என்று காத்துக்கொண்டிருக்கும். நானும் ஒரு காலத்தில் அத்தகைய உறைகளை ஊர் ஊராக அனுப்பிவிட்டுத் தபால்காரரை எதிர்பார்த்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவன்தான். இருந்தும் மேசையின் மறுபக்கத்திற்கு வந்தபின் அதை மறந்துபோனேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கொடுக்கும் இடத்தில் இருப்பவருக்கும் கேட்டு வருபவருக்கும் இடையே இருக்க வேண்டிய மரியாதை யாது? நம் மரபில் இது பழைய கேள்வி. அதியமான் நெடுமான் அஞ்சியைக் காணச் சென்ற பெருஞ்சித்திரனார், மன்னன் தன்னை நேரில் காணாமலேயே பரிசில் கொடுத்தனுப்பியபோது அதனை ஏற்க மறுத்த செய்தியைப் புறநானூறு பதிவு செய்கிறது. தான் பரிசிலை விலைபேச வந்த வணிகன் அல்லன் என்பதும், தன் தகுதியை அறிந்து கொடுத்தால் அது மிகச் சிறிதாயினும் இனியதே என்பதும் புலவரின் நிலை. முகம் கண்டு, தகுதி அறிந்து, அதன்பின் கொடுப்பதே மரியாதை என்பது அப்பாடலின் உட்பொருள் எனலாம்.

ஆனால் முகம் காண்பதே அவமதிப்பின் தொடக்கமாக அமைந்துவிட்ட ஒரு வரலாறும் உண்டு. அது நடந்த இடம் அமெரிக்கா. கேட்டு வந்தவர் ஒரு விமானி.

விமானியின் தொழிலைப் பற்றி ஒரு சொல். தகுதியை அளந்து சொல்வது கடினமான தொழில்கள் பல. நல்ல ஆசிரியர் யார் என்று கேட்டால் பத்துப் பேர் பத்து விடை தருவர். விமானிக்கு அந்தச் சிக்கல் குறைவு. எந்த நாளில், எந்த வகை விமானத்தை, எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்பதெல்லாம் அவருடைய பறத்தல் பதிவேட்டில் வரிவரியாக எழுதப்பட்டிருக்கும். இரவில் எத்தனை மணி, பல எஞ்சின் கொண்ட விமானங்களில் எத்தனை மணி, கண்ணுக்கு எதுவும் தெரியாத மேகத்திற்குள் கருவிகளை மட்டுமே நம்பி எத்தனை மணி என்று தனித்தனியாகக் கணக்கு உண்டு. வேலை தேடும் விமானி அந்தக் கணக்கைத்தான் முன்வைக்கிறார். வேலை தருபவர் பார்க்க வேண்டியதும் அந்தக் கணக்கைத்தான்.

மார்லன் டிவிட் கிரீன் 1929ஆம் ஆண்டு ஆர்கன்சா மாநிலத்தின் எல் டொராடோ என்ற ஊரில் பிறந்த கறுப்பினத்தவர். 1948இல் விமானப் படையில் சேர்ந்தார். அமெரிக்கப் படைகளில் நிறப் பாகுபாட்டை நீக்கும் ஆணையைக் குடியரசுத் தலைவர் ட்ரூமன் பிறப்பித்ததும் அதே ஆண்டில்தான். கிரீன் குண்டுவீச்சு விமானங்களை ஓட்டினார். ஜப்பானில் பணியாற்றியபோது, நீரிலும் நிலத்திலும் இறங்கவல்ல மீட்பு விமானங்களை ஓட்டினார். 1957இல் கேப்டன் பதவியிலிருந்து விலகி வெளியே வந்தபோது அவருடைய பதிவேட்டில் மூவாயிரம் மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. பயணிகள் விமான நிறுவனங்கள் போர்ப்படை விமானிகளைத் தேடிச் சேர்த்துக்கொண்டிருந்த காலம் அது.

கிரீன் பல நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தார். கதவு திறக்கவில்லை. அக்காலத்து விண்ணப்பப் படிவங்களில் இனத்தைக் குறிப்பிட ஒரு கட்டமும், புகைப்படம் ஒட்ட ஓர் இடமும் இருந்தன. ஒருவரை அவமதிக்க வசைச்சொல் தேவையில்லை. காகிதத்தில் ஒரு சிறிய சதுரம் போதும். டென்வர் நகரில் தலைமையகம் கொண்டிருந்த காண்டினெண்டல் ஏர்லைன்ஸ் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தபோது கிரீன் அந்தக் கட்டத்தை நிரப்பவில்லை, படத்தையும் ஒட்டவில்லை. நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது!

படிவம் கேட்டதைச் சொல்லாமல் விட்டது முறையா என்று சிலர் கேட்கக்கூடும். அவர் பொய் எழுதவில்லை என்பதை முதலில் நினைவிற்கொள்ள வேண்டும். விமானத்தை ஓட்டுவதற்குத் தொடர்பில்லாத ஒரு கேள்விக்கு அவர் விடை எழுதவில்லை, அவ்வளவே. தன் பதிவேட்டைப் படித்துவிட்டுத் தன் முகத்தைப் பாருங்கள் என்று அவர் வரிசையை மாற்றி வைத்தார். தகுதி அறிந்து தருக என்ற நம் புலவரின் கோரிக்கையும் இதுவே அல்லவா?

1957ஆம் ஆண்டு ஜூன் மாதம் டென்வருக்குச் சென்றார். முகத்தையும் பார்த்தார்கள். அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்ளப்பட்ட வெள்ளையர்களில் அவரைவிடக் குறைந்த பறத்தல் நேரம் உடையவர்களும் இருந்தார்கள்.

அதே 1957ஆம் ஆண்டின் கொலராடோ மாநிலச் சட்டமொன்று, தகுதியுடைய ஒருவருக்கு இனம், சமயம், நிறம், பூர்வீகம் ஆகிய காரணங்களால் வேலை மறுப்பதைத் தடை செய்திருந்தது. கிரீன் மாநிலப் பாகுபாட்டு எதிர்ப்பு ஆணையத்திடம் முறையிட்டார். ஆணையம் முதலில் சமரசம் செய்ய முயன்று, அது பலிக்காமற் போகவே விசாரணை நடத்தியது. அவர் தேர்ந்தெடுக்கப்படாததற்கு அவருடைய இனம் ஒன்றே காரணம் என்று முடிவுக்கு வந்து, அடுத்த பயிற்சி வகுப்பில் அவருக்கு முதல் வாய்ப்புத் தர வேண்டும் என்று ஆணையிட்டது.

இதன் பின்னர் நிறுவனம் எடுத்துவைத்த வாதம் நுட்பமாகப் படித்தறிய வேண்டிய ஒன்று. தாங்கள் பல மாநிலங்களுக்கிடையே விமானம் ஓட்டுபவர்கள். எனவே ஒரு மாநிலத்தின் சட்டம் தங்கள் விமானிகளைத் தேர்ந்தெடுப்பதில் தலையிட்டால் அது மாநிலங்களுக்கிடையிலான வணிகத்துக்குப் பெரும் சுமையாகும் என்பது அவ்வாதம். டென்வர் மாவட்ட நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டு ஆணையத்தின் முடிவை நீக்கியது. 1962இல் மாநில உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது.

இவ்வாதத்துக்குத் துணைநின்ற இரண்டு பழைய தீர்ப்புகளை ஒருங்கே வைத்துப் பார்த்தால் வரலாற்றின் விசித்திரம் புலப்படும். 1878ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று, நீராவிக் கப்பல்களில் கறுப்பினப் பயணிகளைப் பிரித்து வைக்கக் கூடாது என்ற லூசியானா மாநிலச் சட்டத்தை, வணிகத்துக்குச் சுமை என்று சொல்லிச் செல்லாதாக்கியது. 1946ஆம் ஆண்டுத் தீர்ப்பு, பேருந்துகளில் பிரித்துத்தான் உட்கார வைக்க வேண்டும் என்ற வர்ஜீனியா மாநிலச் சட்டத்தை அதே காரணம் சொல்லிச் செல்லாதாக்கியது. பின்னதை வென்றவர் ஐரீன் மார்கன் என்ற கறுப்பினப் பெண்மணி. சமத்துவத்துக்கு ஒருமுறை கேடயமாக நின்ற கொள்கை, இப்போது ஒரு விமானியை வெளியே நிறுத்தப் பயன்பட்டது. சட்டச் சொற்களுக்குத் தனியே நெஞ்சம் கிடையாது. அவற்றைக் கையாளுபவரின் நெஞ்சமே அவற்றின் நெஞ்சம்.

வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. டென்வர் வழக்கறிஞர் டி. ரேபர் டெய்லர் கிரீனுக்காக வாதாடினார். 1963 ஏப்ரல் 22 அன்று நீதிபதிகள் ஒருமனதாகக் கிரீனின் பக்கம் தீர்ப்பளித்தனர். ஒரு மாநிலத்துக்குள் ஒருவரை வேலைக்குத் தேர்ந்தெடுப்பதும், எல்லை தாண்டும் பேருந்தில் பயணிகளின் இருக்கையை மாற்றுவதும் ஒன்றல்ல என்பது தீர்ப்பின் சாரம். நிறத்தைக் காட்டி வேலை தேடுபவரைத் திருப்பியனுப்பச் சொல்லும் எந்தச் சட்டமும் இனி நாட்டில் செல்லாது. ஆகவே ஒரு மாநிலம் ஒன்று சொல்ல, இன்னொரு மாநிலம் எதிர்மாறாகச் சொல்லுமோ என்ற அச்சத்துக்கே இடமில்லை என்றும் அது கூறியது. தீர்ப்பை எழுதியவர் அலபாமாவைச் சேர்ந்த நீதிபதி ஹியூகோ பிளாக். 1920களில் சிறிது காலம் அவர் கூ கிளக்ஸ் கிளான் இயக்கத்தின் உறுப்பினராக இருந்தவர் என்பது வரலாறு அறிந்த செய்தி. மனிதர்கள் மாறக்கூடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தெரியவில்லை.

தீர்ப்பு 1963இல் வந்தது. கிரீன் காண்டினெண்டல் நிறுவனத்தில் சேர்ந்தது 1965இல். நேர்முகத் தேர்வுக்கும் பணிக்கும் இடையே ஏழரை ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. விமானிகளின் உலகில் இதன் பொருளை உணரப் பணிமூப்புப் பட்டியலைப் பற்றி அறிந்திருக்க வேண்டும். அமெரிக்க விமான நிறுவனங்களில் ஒருவர் எந்த நாளில் சேர்ந்தார் என்பதே அவருடைய தடம், விமான வகை, கேப்டன் பதவி, விடுமுறை எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. ஒரு நாள் முந்திச் சேர்ந்தவர் கடைசிவரை முந்தியவரே. 1960 முதல் பயணிகள் விமானங்களின் விமானிகள் 60 வயதில் ஓய்வு பெற்றாக வேண்டும் என்ற விதியும் நடைமுறைக்கு வந்திருந்தது. தொடக்கமும் முடிவும் கட்டப்பட்ட ஒரு தொழிலில் காலம் தாழ்த்துவதும் ஒருவகை மறுப்புத்தான்.

இதே காலத்தில் வேறொரு நேர்முகத் தேர்வும் நடந்தது. டேவிட் ஹாரிஸ் விமானப் படையில் பி-52 குண்டுவீச்சு விமானங்களை ஓட்டியவர், கறுப்பினத்தவர், எனினும் தோற்றத்தில் அது எளிதில் தெரியாது. 1964இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அவரை நேர்முகத் தேர்வுக்கு அழைத்தது. தான் கறுப்பினத்தவர் என்பதை அவரே அங்கு முன்வந்து சொன்னார். தங்களுக்கு நிறம் ஒரு பொருட்டில்லை, விமானம் ஓட்டத் தெரியுமா என்பதே கேள்வி என்ற பொருளில் எதிரில் இருந்தவர் விடை சொன்னதாக ஹாரிஸ் பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். கேட்டு வந்தவர் உண்மையைச் சொன்னார். கொடுப்பவர் பதிவேட்டைப் பார்த்தார். மரியாதை இரு பக்கமும் ஓடியது. கிரீனுக்கு ஏழு ஆண்டும் நான்கு மன்றங்களும் தேவைப்பட்ட இடத்தில், ஹாரிஸுக்கு ஒரு வாக்கியம் போதுமானதாயிற்று. ஆனால் அந்த வாக்கியம் எளிதாக வாய்க்கு வந்ததற்கு முந்தைய ஆண்டின் தீர்ப்பும், 1964ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் வழிசெய்து வைத்திருந்தன என்று கருதவும் இடமுண்டு.

வேலை கொடுத்த பின்னும் மரியாதை கொடாமலிருக்க முடியும். ஹெலன் ரிச்சி 1934 டிசம்பரில் சென்ட்ரல் ஏர்லைன்ஸ் என்ற சிறிய நிறுவனத்தில் விமானியாகச் சேர்ந்தார். அமெரிக்கப் பயணிகள் விமானச் சேவையில் முதல் பெண் விமானி என்று செய்தித்தாள்கள் கொண்டாடின. விமானிகள் சங்கமோ அவரை உறுப்பினராகச் சேர்க்க மறுத்தது. வானிலை நன்றாக இருக்கும் நாட்களில் மட்டுமே அவர் பறக்கலாம் என்ற கட்டுப்பாடு வந்தது. விளம்பரத்துக்கு அவர் முகம் வேண்டியிருந்தது. விமானத்துக்கு அவர் கைகள் வேண்டாதிருந்தன. அடுத்த ஆண்டே அவர் பணியைத் துறந்தார்.

கிரீன் அலைந்த அதே டென்வரில் எமிலி ஹோவெல் வார்னர் என்ற பயிற்சியாளர் 1960களின் பிற்பகுதியிலிருந்து விண்ணப்பித்துக்கொண்டே இருந்தார். அவரிடம் பறக்கக் கற்றுக்கொண்ட ஆண்கள் ஒவ்வொருவராகப் பெரிய நிறுவனங்களில் சேர்ந்து சீருடை அணிந்தனர். ஆசிரியருக்கு மட்டும் விடை வரவில்லை. 1973 ஜனவரியில் ஃபிரான்டியர் ஏர்லைன்ஸ் அவரைச் சேர்த்துக்கொண்டபோது அவருடைய பதிவேட்டில் ஏறக்குறைய ஏழாயிரம் மணி நேரம் இருந்தது. ஓர் ஆசிரியன் என்ற முறையில் இந்தச் செய்தியைக் கடந்து செல்வது எனக்கு எளிதாக இல்லை.

கிரீன் 1966இல் கேப்டனாகி, 1978இல் ஓய்வு பெற்றார். 2009 ஜூலையில் டென்வரில் காலமானார். 2010 பிப்ரவரியில் காண்டினெண்டல் தன் போயிங் 737 விமானம் ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டியது. ஒரு காலத்தில் எந்த முகத்தைக் கண்டு பின்வாங்கியதோ, அந்த மனிதரின் பெயரைத் தன் விமானத்தின் முகப்பில் எழுதிக்கொண்டது. அது நல்ல செயல்தான், ஐயமில்லை. ஏழு மாதங்கள் முந்தியிருந்தால் அவரே நின்று பார்த்திருப்பார். பின்னர் அந்நிறுவனமே யுனைடெட் நிறுவனத்தோடு இணைந்து, தன் பெயரை இழந்துவிட்டது.

இந்த வரலாற்றைப் படித்த பிறகு எங்கள் அலமாரியின் மேல்தட்டிலிருந்து உறைகளை இறக்கினேன். சென்ற ஆண்டு தேர்வாகாத முப்பத்தொன்பது பேருக்கு, இடமில்லை என்பதையும் விண்ணப்பித்ததற்கு நன்றி என்பதையும் இரண்டு வரிகளில் எழுதி அனுப்பினேன். காலம் கடந்த கடிதங்கள்தாம். ஐந்து பேர் பதில் எழுதியிருந்தனர். அவர்களில் ஒருவர், பத்தாண்டுகளில் தனக்கு வந்த முதல் மறுப்புக் கடிதம் இது என்று எழுதியிருந்தார். அதில் ஏளனம் இருந்ததா, நன்றி இருந்ததா என்று பலமுறை படித்தும் எனக்கு விளங்கவில்லை.

படிவத்தின் வலப்பக்க மூலையில் உள்ள அந்தச் சதுரத்தை எடுத்துவிடலாமே என்று அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தேன். அது எப்போதும் உள்ள வழக்கம் என்றார்கள். இவ்வாண்டும் விண்ணப்பங்கள் வரத் தொடங்கிவிட்டன. படம் ஒட்டாமல் ஒருவராவது அனுப்பியிருப்பாரா என்று ஒவ்வோர் உறையாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.