கணக்கு மாத்திரையும் கதவு நிலையில போட்ட கோடும்

புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடியில என் அக்கா வீட்டுக் கதவு நிலை முழுக்கப் பென்சில் கோடுகள். ஒவ்வொரு பொங்கலுக்கும் மகனோட உயரத்தைக் குறிச்சு வைப்பாங்க. பையனுக்குப் பதிமூணு வயசு. ஏடிஹெச்டிக்கு மாத்திரை ஆரம்பிச்சு ஒரு வருஷம் ஆகுது. இந்தப் பொங்கலுக்குக் கோடு போட்டுட்டு அக்கா கேட்டாங்க: "தம்பி, மாத்திரையால இவன் வளர்த்தி நின்னுடுமாடா?"

இந்தக் கேள்வியை உலகம் ரொம்ப லேட்டாத்தான் கேட்டது. 1937, அமெரிக்காவின் ரோட் ஐலண்ட். அங்கே குழந்தைகள் மனநல மருத்துவமனையில் சார்லஸ் பிராட்லி என்றொரு டாக்டர். முதுகுத்தண்டு நீரை எடுத்துவிட்டு மூளையை எக்ஸ்ரே பிடிப்பது அன்றைய வழக்கம். அப்புறம் பிள்ளைகளுக்குத் தலைவலி மண்டையைப் பிளக்கும். அதற்காக பென்செட்ரின் என்ற ஆம்ஃபெட்டமைன் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலி போகலை. ஆனா பசங்க உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பிச்சாங்க! முறையாகச் சோதித்தபோது, 5 முதல் 14 வயது வரையிலான 30 பேரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் படிப்பில் பெரிய மாற்றம். 'கணக்கு மாத்திரை' என்று பேர் வைத்ததும் பிள்ளைகள்தான்.

ஆனா மருந்து கொடுத்தது ஒரே ஒரு வாரம். ஒரு வாரத்துல யார் உயரத்தை அளப்பாங்க?

1944இல் சுவிட்சர்லாந்தின் சிபா கம்பெனியில் பனிசோன் என்ற வேதியியலாளர் மெத்தில்ஃபெனிடேட்டை உருவாக்கினார். மனைவி ரீட்டாவின் பெயரால் அது ரிட்டலின் ஆனது. என் மருமகன் சாப்பிடுறதும் மெத்தில்ஃபெனிடேட்தான்.

வளர்ச்சி குறைகிறது என்று டேனியல் சேஃபர் குழுவினர் எழுதியது 1972இல். பிராட்லிக்கு 35 வருஷம் கழித்து! பிறகு வந்த எம்டிஏ என்ற பெரிய ஆய்வில், மூன்று வருஷம் மருந்து எடுத்த பிள்ளைகள், எடுக்காதவர்களைவிடச் சராசரியாக 2 செ.மீ. குட்டை, 2.7 கிலோ எடை குறைவு. பெரியவர்களான பிறகு வித்தியாசமே தெரியவில்லை என்று சொல்கிற ஆய்வுகளும் உண்டு. பருவமடைவது லேசாகத் தள்ளிப்போகலாம் என்கிறார்கள் சிலர். நிற்கும் என்று யாரும் காட்டவில்லை. மருந்து பசியை அடக்குவது மட்டும் நிச்சயம். மருமகனோட டிபன் பாக்ஸ் பாதிச் சோறோட திரும்பி வர்றதே அதுக்குச் சாட்சி.

இந்தியாவில் இது ஷெட்யூல் எக்ஸ் மருந்து. எல்லா மெடிக்கலிலும் கிடைக்காது. சீட்டு இரண்டு பிரதி வேணும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருஷம் வைத்திருக்கணும். அதுக்காகவே அக்கா திருச்சிக்கு பஸ் ஏறுறாங்க. போன தடவை டாக்டர்கிட்ட உயரம், எடை ரெண்டையும் அளந்து எழுதச் சொல்லிக் கேட்டாங்க. பயந்துபோய் நாமளா மாத்திரையை நிறுத்தக் கூடாதுன்னும் டாக்டர் சொல்லியிருக்கார்.

இப்போ பையன் காலையில மாத்திரைக்கு முன்னாடியே நாலு தோசை சாப்பிடுறான், ராத்திரி பசிச்சா மறுபடியும். கதவு நிலையில கோடு ஆறு மாசத்துக்கு ஒண்ணு.